குழாய் பார்க்கும் திசை

1992ஆம் ஆண்டின் சிறந்த திரையிசை எது என்ற கேள்விக்கு டெல்லியில் ஒரே ஓட்டில் விடை கிடைத்துவிட்டது. ஆனைமலையில் இன்னும் கிடைக்கவில்லை.

டெல்லிக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். 40ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், இசைக்கான கடைசிச் சுற்றில் இரண்டு படங்கள் நின்றன. ஒன்று இளையராஜாவின் ‘தேவர் மகன்’. இன்னொன்று, அதுவரை விளம்பரங்களுக்கு இசை போட்டுக்கொண்டிருந்த ஏ.ஆர். ரஹ்மானின் முதல் தமிழ்ப் படமான ‘ரோஜா’. ஓட்டுகள் சமமாக விழுந்தன. நடுவர் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் பாலு மகேந்திரா. 1980இல் வந்த ‘மூடுபனி’ தொடங்கி 2013இல் வந்த தன் கடைசிப் படமான ‘தலைமுறைகள்’ வரை ராஜாவின் இசையோடு வாழ்ந்தவர். தலைவரின் ஓட்டு புதுப் பையனுக்குப் போனது. அதைப் பிற்பாடு அவரே பொதுவில் சொல்லியிருக்கிறார்.

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், இந்தத் தீர்ப்பை ஒப்புக்கொள்ளவே இல்லை. “அந்த ஓட்டைப் போட்டுப்போட்டு மனுசன் எப்படி ராஜா மொகத்துல முழிச்சாரோ” என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வதற்கு ஒரு தகுதி உண்டு. ஆனைமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவர் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். இப்போது அதே இடத்தில் ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம்.

ரெக்கார்டிங் சென்டர் என்றால் என்ன என்று என் வயதுக்காரர்களுக்கே விளக்க வேண்டியிருக்கிறது. வெற்று கேசட் வாங்கி, வேண்டிய பாட்டுகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். சட்டப்படி அது திருட்டு. ஊர்ப்படி அது தொழில். அறுபது நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம். பாட்டுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால் பக்கத்துக்கு ஆறு, மொத்தம் பன்னிரண்டு. தேங்காய்க் கணக்கு எழுதிய தாளின் பின்பக்கத்தில் எழுதிவருவார்கள். பதினைந்து பாட்டு எழுதி வந்தால் மூன்றை அடிக்க வேண்டும். எதை அடிப்பது என்று கடை வாசலில் ஒரு ஒரியாட்டம் நடக்கும். எங்கள் ஊரின் முதல் ‘டாப் டென்’ விவாதங்கள் அப்படித்தான் நடந்திருக்கின்றன. இடம் இல்லாதபோதுதான் ரசனை வாயைத் திறக்கிறது.

மேற்கில் ‘ஆல்பம்’ என்ற எண்ணம் 1948இல் எல்பி தட்டு வந்த பிறகு கெட்டிப்பட்டது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்குமேல் பாட வழி வந்ததும், பாட்டுகளை வரிசையாக யோசிக்க ஆரம்பித்தார்கள். கிராமி விருதுகள் 1959இல் தொடங்கியபோதே அந்த ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கு ஒரு பரிசு இருந்தது. நமக்கு ஆல்பம் என்றால் படம். ‘ஹவ் டு நேம் இட்’ மாதிரி படத்துக்கு வெளியே வந்தவை உண்டு, இல்லாமல் இல்லை. ஆனால் மாமா கடைச் சீட்டுகளில் வந்ததெல்லாம் படப் பெயர்கள்தான். ஒரு படத்தின் ஐந்தாறு பாட்டு ஒரு பக்கத்தில் அடங்கும். மறுபக்கத்துக்கு இன்னொரு படம். ரோஜா 1992 ஆகஸ்ட் 15இல் வந்தது, தேவர் மகன் அந்த வருடத் தீபாவளிக்கு. அந்தக் குளிர்காலம் முழுக்க மாமா அதிகம் பதிந்து கொடுத்தது ‘ஏ’ பக்கம் ரோஜா, ‘பி’ பக்கம் தேவர் மகன்.

“டெல்லியில எதிரெதிர்க் கட்சி. என்ற கடையில ஒரே கேசட்டு” என்பார்.

*

ஒவ்வொரு டிசம்பர் 31ஆம் தேதி ராத்திரியும் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்த வருடத்தின் சிறந்த படப் பாட்டுகளுக்கு ஓட்டுப் போடுவது எங்கள் வழக்கம். நான் கோவையில் வேலைக்குப் போன பிறகும் இதற்காகவே அன்றைக்கு வந்துவிடுவேன். நாலு பேர். மாமா, நான், மாமா பையன் (கயிறு மில்லில் சூப்பர்வைசர்), அப்புறம் ரேடியோ செட் அண்ணன்.

எங்கள் பக்கம் மைக் செட்டுக்கு ரேடியோ செட் என்றுதான் பேர். கல்யாணம், காதுகுத்து, பூச்சாட்டு நோம்பி, எழவு வீடு எதுவானாலும் ‘ரேடியோ கட்டறது’ அவர்தான். சின்ன வயசில் மாமா கடையில் எடுபிடியாக இருந்தவர். 1992இல் அவருக்குப் பத்துப் பதினோரு வயது. பதிந்த கேசட்டுகளைச் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். பாட்டு எந்த டெக்கில் பதிந்தது என்று கேட்டே சொல்லிவிடுவார் என்பது மாமாவின் பெருமை.

விதிகள் மூன்று. படம் ஓடியதா இல்லையா என்பது கணக்கில்லை. ஒரு பாட்டை வைத்து ஓட்டுப் போடக் கூடாது. அந்தப் படத்தில் மூன்றையாவது முனகத் தெரிய வேண்டும். ‘எனக்கு எதுவும் பிடிக்கல’ என்று நழுவக் கூடாது. முடிவை மாமா ஒரு நீள நோட்டில், வருடத்துக்கு ஒரு பக்கமாக எழுதுவார். கொங்குப் பக்கம் சும்மா பேசிக்கொண்டிருப்பதற்கே ‘நாயம் பேசறது’ என்றுதான் சொல்வோம். நியாயம் என்ற சொல்தான் தேய்ந்து நாயமாகியிருக்கிறது என்பார்கள். அந்த ஒரு ராத்திரி மட்டும் எங்கள் நாயம் தன் பழைய பொருளுக்குக் கொஞ்சம் கிட்டே போகும்.

எந்த வருடத்துக்கு ஓட்டுப் போட்டாலும் பேச்சு 1992இல் போய்த்தான் நிற்கும். அது என்னமோ நான் பிறப்பதற்கு முந்திய வருடம், இருந்தாலும் எனக்கு அத்துப்படி. மன்னன், சிங்காரவேலன், செம்பருத்தி, சின்னக் கவுண்டர், நாடோடித் தென்றல், மீரா என்று ராஜா அந்த ஒரே வருடத்தில் போட்டவற்றை மாமா விரல் மடக்கி எண்ணுவார். தேவா ‘அண்ணாமலை’யில் வந்துவிட்டார். மரகதமணியின் ‘வானமே எல்லை’ இருக்கிறது. “ஒரு வருசத்துக்கு இவ்வளவு விளைஞ்சா எதை அறுக்கறது?” என்பார்.

ரோஜாவுக்காக நான் வாதாடுவேன். மின்மினி பாடிய அந்த முதல் பாட்டில் இசைக்கருவிகள் ஒன்றையொன்று மறைக்காமல் தள்ளித் தள்ளி நிற்கின்றன. நடுவில் காற்றுக்கு இடம் இருக்கிறது. அடியில் ஓடும் பேஸ் தனியாகக் காதில் விழுகிறது. பாட்டைக் கேட்பதோடு, பாட்டு பதிவான அறையையே கேட்கிற அனுபவம் தமிழுக்கு அது புதிது. மாமா அதற்கு, “அந்தச் சத்தம் என்ற கடை ஸ்பீக்கருக்குப் பத்தல கண்ணு. ஸ்பீக்கர் மாத்தறக்குக் கடன் வாங்குன பாட்டு அது. ராஜா பாட்டு ஓட்டை ஸ்பீக்கர்லயும் ராஜா பாட்டுத்தான்” என்பார். இந்த இடத்தில் எனக்குப் பதில் இருக்காது. தேவர் மகனில் எஸ். ஜானகி பாடிய ‘இஞ்சி இடுப்பழகி’க்கு அதே வருடம் சிறந்த பாடகி விருது கிடைத்தது. பாட்டுப் பழகாத ஒரு பெண் கூச்சத்தோடு பாடத் தொடங்கி, பாடப் பாடவே பாட்டாகிற குரல் அது. ரோஜாவின் பாடல்வரிக்காக வைரமுத்துவுக்குக் கிடைத்தது. ஆகவே விருதுகளையும் அந்த இரண்டு படங்களும் பாதிப் பாதியாகப் பதிந்துகொண்டன என்று மாமா பையன் சமாதானம் சொல்வான்.

இன்னொரு காரணமும் உண்டு. கதை தென்மாவட்டத்துக் கதை என்றாலும் தேவர் மகனைப் பெரும்பகுதி பொள்ளாச்சிப் பக்கம்தான் எடுத்தார்கள். எங்கள் தென்னையும் எங்கள் வாய்க்காலும் எங்கள் மலையும்தான் அந்தப் படத்தில் வேறு ஊராக நடித்திருக்கின்றன. மாமாவுக்கு அது சொந்தக்காரர் நடித்த படம் மாதிரி.

ரேடியோ செட் அண்ணன் மட்டும் 1992 பேச்சு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். பீடி பற்ற வைக்கப் போகிறார் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

*

2023 டிசம்பர் 31.

அந்த வருடம் விளைச்சல் நன்றாகத்தான் இருந்தது. மார்ச் கடைசியில் ‘விடுதலை’ முதல் பாகம், ராஜா. ஏப்ரலில் ‘பொன்னியின் செல்வன் 2’, ஜூனில் ‘மாமன்னன்’, இரண்டும் ரஹ்மான். ஆகஸ்டில் ‘ஜெயிலர்’, அக்டோபரில் ‘லியோ’, இரண்டும் அனிருத். நடுவில் ‘குட் நைட்’, ‘சித்தா’, கடைசியில் ‘ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்’. முப்பத்தொரு வருடம் கழித்தும் ராஜாவும் ரஹ்மானும் எதிரெதிராக நிற்கிறார்களே என்று மாமாவுக்கு ஒரே குஷி.

பேச்சைத் தொடங்கும் முன்னால் மாமா பையன் தன் போனை எடுத்துக் காட்டினான். பாட்டுக் கேட்கும் செயலிகள் வருடக் கடைசியில் ஒரு கணக்குத் தருமே, நீ இந்த வருடம் அதிகம் கேட்டது இதுதான் என்று, அது. அவனுக்கு முதலிடத்தில் ஜெயிலர். எனக்குப் ‘பொன்னியின் செல்வன் 2’இன் காதல் பாட்டு. “உங்களுதக் காட்டுங்ணா” என்றான் அவன்.

ரேடியோ செட் அண்ணன் முதலில் காட்டவில்லை. அப்புறம் போனை மேசைமேல் வைத்து எங்கள் பக்கம் தள்ளினார். முதலிடத்தில் இருந்தது தேவர் மகனில் வரும் அந்தச் சாதிப் பெருமைப் பாட்டு. நீங்கள் தமிழ்நாட்டில் எந்த ஊரில் இருந்தாலும் ஏதாவது ஒரு கல்யாண மண்டப வாசலில் அதைக் கேட்டிருப்பீர்கள்.

“இதுதான் என்ற லிஸ்ட்டாமா” என்றார். சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் அவர் பாட்டுப் போடுவது போனில்தான். போனை மிக்ஸரில் சொருகிவிட்டால் வேலை முடிந்தது. கமிட்டிக்காரர்கள் கேட்கும் பாட்டைப் போட வேண்டும். இன்னொரு தடவை என்றால் இன்னொரு தடவை. செயலிக்கு இதெல்லாம் தெரியாது. யார் விரல் என்று மட்டும் பார்க்கிறது.

அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன்.

“நான் சின்னதுல இருந்து பாத்துட்டு இருக்கறனுங் பாப்பா. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பாட்டு. இந்தத் தெருவுல தேவர் மகன், அந்த ஊருல சின்னக் கவுண்டர், இன்னொரு பக்கம் போனா எஜமான். எனக்கு லிஸ்ட்டே மனப்பாடம். குழாய் கட்டறப்ப மொதல்ல கேட்பாங்க, ‘ஏப்பா, அக்கட்டக் கேக்கற மாதிரி ஒண்ணத் திருப்பி வையி’. அக்கட்டன்னா எங்க, எங்க வளவுதான். பாட்டோட சாதி ஊருக்கு ஊரு மாறுது. குழாய் பாத்துட்டு இருக்கற திசை மாறலீங்.”

கடையில் கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்.

மாமா மெதுவாக, “ஏஞ்சாமி, பாட்டு என்னடா பண்ணுச்சு? போட்டவரு யாரு…” என்று ஆரம்பித்தார்.

“தெரியுமுங்ணா. போட்டவரு யாருன்னு தெரிஞ்சதுனாலதான் எனக்கு இன்னும் கொஞ்சம் வலிக்குது. ஜானகியம்மா பாட்டு எனக்கும் உசுரு. ஆனா ரெண்டும் ஒரே கேசட்டுலதான இருக்குது. நீங்கதான விதி போட்டீங்க, ஒரு பாட்டுக்கு ஓட்டுக் கெடையாது, மொத்தத்துக்கும்தான்னு. மொத்தத்துக்கும்னா நான் எப்படீங்ணா போடறது?”

அந்த விதியை ரசனைக்காகப் போட்டிருந்தோம். ஒரே ஒரு ஹிட்டை வைத்துக்கொண்டு மொத்தப் படத்தையும் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்பதற்காக. ஆல்பம் என்பது ஒரு முழுமை, அதில் மோசமான பாட்டுக்கும் பங்கு உண்டு என்று நானே அங்கே லெக்சர் அடித்திருக்கிறேன். அந்த வாதத்தை வேறு யாரும் அவ்வளவு தூரம் எடுத்துப் போனதில்லை.

மாமா பையன் விடவில்லை. “அப்படிப் பாத்தா ரோஜா மட்டும் யோக்கியமா?” என்றான். அவன் கேட்டது சரியான கேள்வி. ரோஜாவில் தேசம் யாருடையது, காஷ்மீரி யாராக வருகிறான் என்று 1994இலேயே தேஜஸ்வினி நிரஞ்சனா ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதியிருக்கிறார். படம் முழுக்கத் தேசத்தைக் கொண்டாடுகிற அந்த இசையை ஸ்ரீநகரில் ஒருவன் எந்தத் திசையிலிருந்து கேட்டிருப்பான்? எனக்கு மழை மாதிரி இருக்கும் ஒரு பாட்டு அவனுக்கு என்னவாக இருந்திருக்கும்? ரேடியோ செட் அண்ணனின் குழாயை ஒருமுறை திருப்பிவிட்டால் அது ஆனைமலையில் நிற்பதில்லை.

“அப்படின்னா எதுவுமே மிஞ்சாதேண்ணா” என்றான் அவன்.

“மிஞ்ச வேண்டாம்னு நான் சொன்னனா? போடறேன், கேக்கறேன். கூலி வாங்கறேன். இதுதான் சிறந்ததுன்னு என்ற கையில எழுதச் சொல்லாதீங்கன்னுதான் சொல்றேன்.”

*

அப்புறம் ஓட்டு.

எல்லாரும் நினைத்தது, மாமா விடுதலைக்குப் போடுவார், அண்ணன் மாமன்னனுக்குப் போடுவார் என்று. மாமன்னனுக்கும் தேவர் மகனுக்கும் உள்ள தொடர்பு அந்த வருடம் ஊரெல்லாம் பேசிய விஷயம். இசை வெளியீட்டு விழாவில் கமல்ஹாசனை வைத்துக்கொண்டே, தேவர் மகன் தன்னை எப்படி அலைக்கழித்தது என்றும், அதில் வடிவேலு நடித்த இசக்கிதான் தன் மாமன்னன் என்றும் மாரி செல்வராஜ் பேசியிருந்தார். சேலத்துப் பக்கம் நடக்கும் கதை. நம் கொங்கு மண்ணில், சட்டமன்ற உறுப்பினரான ஒருவர் நாற்காலியில் உட்காரலாமா நிற்க வேண்டுமா என்பதைப் பற்றிய படம். அண்ணனின் படம் என்று நாங்களாகவே முடிவுகட்டியிருந்தோம்.

அவர் விடுதலைக்குப் போட்டார். ராஜாவும் அனன்யா பட்டும் பாடிய அந்தக் ‘காட்டுமல்லி’ப் பாட்டுக்காகவும், தனுஷ் பாடிய இன்னொன்றுக்காகவும், பின்னணி இசைக்காகவும். “மாமன்னன் எனக்காகப் பேசுது, சரி. நல்லாருக்கட்டும். ஆனா செட்டையெல்லாம் அவுத்து டெம்போவுல ஏத்திட்டு ராத்திரி ரெண்டு மணிக்குத் தோப்புக்குள்ள வர்றப்ப, யாரும் போடச் சொல்லாம நானாப் போட்டுக் கேட்டது இதுதான்.”

மாமா மாமன்னனுக்குப் போட்டார். எனக்குத் தெரிந்து ரஹ்மானுக்கு அவர் போட்ட முதல் ஓட்டு. காரணம் கேட்டதற்கு, வடிவேலு பாடிய பாட்டைச் சொன்னார். “அந்த இசக்கி பயல் முப்பது வருசமா வாயைத் தொறக்காம இருந்துட்டு இப்பப் பாடறான்டா. கேக்காம எப்படி இருக்கறது?” என்றார். யுகபாரதி எழுதிய பாட்டு அது. வடிவேலு நடிகராகப் பாடாமல் ஒரு தகப்பனாகப் பாடியிருப்பார். மூன்று பாட்டு முனகத் தெரிய வேண்டுமே என்று மாமா பையன் மடக்கினான். மாமா இரண்டரை முனகினார். விட்டுவிட்டோம்.

மாமா பையன் ஜெயிலர். நான் பொன்னியின் செல்வன். நாலு பேர், நாலு படம். தலைவர் என்ற முறையில் இன்னொரு ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுங்கள் என்று மாமாவைக் கேட்டோம். “அதெல்லாம் டெல்லியில வச்சுக்கங்க” என்று நாலு பேரையும் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

பாலு மகேந்திராவைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒன்றும் சொல்வதில்லை. மனம் மாறிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். தன் கட்சிக்கு எதிராக ஓட்டுப் போடுகிறவனுக்கு உள்ளே என்ன ஓடும் என்று அவருக்கு இப்போது தெரியும், அவ்வளவுதான்.

விதிகளில் ஒன்று கூடியது. ஓட்டுப் போடும் முன் ‘எங்கே கேட்டாய், யார் போட்டுக் கேட்டாய்’ என்று சொல்ல வேண்டும். சொல்லிப் பாருங்கள், கஷ்டமாக இருக்கும். வருடத்தின் சிறந்த ஆல்பங்கள் என்று நாம் போடும் பட்டியல்கள் எல்லாமே ஹெட்ஃபோன் மாட்டிய ஒருவர் தனக்காகத் தேர்ந்துகொண்டவற்றின் பட்டியல்கள். செயலி எண்ணுவதும் அதைத்தான். நாம் அமுக்கியதை எண்ணுகிறது; நம்மேல் வந்து விழுந்ததை எண்ண அதற்கு வழியில்லை. நம் ஊரில் பாட்டு பாதிக்குமேல் விழுந்துதான் கேட்கிறது. பஸ்ஸில், நோம்பியில், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில். விழுவதில் சில பூவாகவும் சில கல்லாகவும் இருக்கும். ஒரே பாட்டு ஒரு தெருவுக்குப் பூவாகவும் அடுத்த தெருவுக்குக் கல்லாகவும் இருக்கும். இதைச் சொல்லாமல் ஒரு வருடத்தின் இசையைப் பற்றிச் சொல்லி முடித்துவிட்டேன் என்று ஒரு பட்டியல் சொன்னால் எனக்கு இப்போது நம்பிக்கை வருவதில்லை.

இதனால் ஊரில் எதுவும் மாறிவிடவில்லை. அடுத்த மாசியில் வந்த நோம்பிகளில் கமிட்டிக்காரர்கள் அதே பாட்டைக் கேட்டார்கள், அண்ணனும் போட்டார். ஒன்று மட்டும் செய்தார். உடைந்த திரையோடு ஒரு பழைய போனை வாங்கித் தொழிலுக்கென்று ஒதுக்கிவிட்டார். மிக்ஸரில் சொருகுவது இனி அது.

2024 டிசம்பர் கடைசியில் நாங்கள் எல்லாரும் வழக்கம்போல எங்கள் கணக்கைக் காட்டிக்கொண்டோம். உங்களுடைய போனில் முதலிடம் எதுங்ணா என்று நான் கேட்டேன்.

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “அது எனக்குங் பாப்பா” என்றார்.